ஒரே ஒரு ஆட்டம் ஆடிய கேப்டன்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகன் சின்ன வயதிலிருந்தே வேல்ஸின் கார்டிஃபில் ரக்பி ஆடி வளர்ந்த பிள்ளை. 18 வயதுக்குட்பட்டோர் அணியில் ஒரு ஆட்டம் கிடைத்தது. அதில் படுதோல்வி, அடுத்த பட்டியலில் பெயர் இல்லை. அன்றிலிருந்து தம்பி கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான், பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான். "இத்தனை வருஷமும் வீண்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீணில்லை அம்மா. வேல்ஸ் அணியின் முதல் கேப்டன் ஜேம்ஸ் பெவனும் நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினார்.

பெவன் 1856-இல் மெல்பர்னில் பிறந்தவர். 1866 ஜனவரியில் 'லண்டன்' என்ற கப்பல் பிஸ்கே விரிகுடாவில் மூழ்கியபோது அதில் இருந்த தாயும் தகப்பனும் இறந்துபோனார்கள். தப்பியவர்கள் 19 பேர்தான். ஒன்பது வயதில் அநாதையான பையன் பிறகு ஹெரஃபோர்டு கதீட்ரல் பள்ளியில் படித்து, கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார். ஆக்ஸ்ஃபோர்டுக்கு எதிராகப் பல்கலைக்கழக அணியிலும் ஆடினார்.

அவருடைய அந்த ஒரே ஆட்டம் 1881 பிப்ரவரி 19 அன்று, லண்டனில் பிளாக்ஹீத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. ரிச்சர்ட் மல்லாக் என்ற நியூபோர்ட்காரர் அங்கும் இங்குமாகத் திரட்டிய வேல்ஸ் அணி. ஒன்றாகச் சேர்ந்து ஆடிப் பழகாதவர்கள். வரவேண்டிய இருவர் வராததால், பார்க்க வந்தவர்களையே இறக்கினார்கள் என்றும் சொல்வார்கள். இங்கிலாந்து 13 டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போட்டது, வேல்ஸுக்கு ஒரு புள்ளி கூட இல்லை. இன்றைய கணக்கில் 82-0. தம்பியின் ஆட்டம் அதைவிட மோசமாகவா போயிருக்கும்?

மூன்றே வாரத்தில், மார்ச் 12 அன்று, நீத் ஊரில் வேல்ஸ் ரக்பி சங்கம் தொடங்கப்பட்டது. அடுத்த ஜனவரியில் டப்ளினில் அயர்லாந்தை வென்றார்கள். அந்த அணியில் பெவன் இல்லை. அவர் குருவானவராகி, கிரேட் யார்மத்தின் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் பல ஆண்டுகள் பணிசெய்தார். 2007 முதல் வேல்ஸும் ஆஸ்திரேலியாவும் மோதும் கோப்பைக்கு அவர் பெயர்தான்.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது, பிளாக்ஹீத்துக்கு முன்பே அவர் கேம்பிரிட்ஜில் படித்திருந்தார் என்பதை. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ரக்பிக்கு வெளியே ஒரு படிப்போ வேலையோ இருந்தது. 15 பேர் ஆடும் இந்த ரக்பி யூனியனில் 1995 வரை ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. 1884 முதல் வேல்ஸுக்கு ஆடிய சார்லஸ் டெய்லர் கடற்படை இன்ஜினியர். 1905-இல் நியூசிலாந்தை 3-0 என்று வீழ்த்திய டிரையைப் போட்ட டெடி மார்கன் டாக்டர். இன்று சம்பளம் இருப்பதால், 17 வயதுப் பிள்ளைக்கு தொழில்முறை அணிகளின் பயிற்சி அகாடமி ஒன்றே வாசலாகத் தெரிகிறது. ஆனால் இந்தக் காலத்திலும் ஜேமி ராபர்ட்ஸ் வேல்ஸுக்கு ஆடிக்கொண்டே படித்து, 2013-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். இந்தப் பெயரைத் தம்பிக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

இந்த வாரம் விண்ணப்பப் பேச்சை எடுக்காதீர்கள். "அப்பவே சொன்னேனே" என்ற சொல் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவேண்டாம், அவன் அப்பாவிடமும் சொல்லிவையுங்கள். சாப்பாடும் தூக்கமும் குறைந்தே போனால் தயங்காமல் குடும்ப டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

பெரும்பாலான படிப்புகளுக்கு விண்ணப்பிக்க ஜனவரிதான் கடைசி. பள்ளியிலிருந்து பரிந்துரையும் எதிர்பார்க்கும் கிரேடும் வரவேண்டும் என்பதால் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிப்பது நல்லது. பந்துக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்பதற்காக மட்டும் விளையாட்டு அறிவியலை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிசியோதெரபியோ இன்ஜினியரிங்கோ ஆசிரியர் பயிற்சியோ, ரக்பியே இல்லாவிட்டாலும் படிப்பேன் என்று அவன் சொல்லும் பாடத்தை முதலில் கண்டுபிடிப்போம். அதன் பிறகு பல்கலைக்கழக அணிகளைப் பார்க்கலாம். கார்டிஃப் மெட், ஸ்வான்சீ இரண்டிலும் நல்ல அணிகள் இருக்கின்றன. அவனுடைய பழைய கிளப்பையும் விடவேண்டாம்.

சனிக்கிழமை காலை அவனை என்னிடம் அனுப்புங்கள். நீங்களும் வரலாம், ஆனால் முதல் அரைமணி நேரம் அவனோடு தனியாகப் பேச விடுங்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி அவன் வாயால் கேட்க வேண்டும்.