ஒரு கையால் ஆட முடியும்

மன்னார்குடி நண்பருக்கு, கதிரடிக்கும் மெஷினில் வலது கை விரல்களை இழந்த தம்பி கம்ப்யூட்டர் கேம் பக்கமே போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். முதலில் கேமின் செட்டிங்ஸில் ‘ஹோல்ட்’ என்றிருப்பதை ‘டாகிள்’ ஆக்குங்கள். குறிபார்க்கப் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம், ஒரு தட்டு போதும். எனக்கு இடது கை போலியோவில் சூம்பியது. திருவையாற்றில் உட்கார்ந்து இப்படித்தான் ஆடுகிறேன். கேம்களை வாங்கி ஆடும் ஸ்டீம் என்ற மென்பொருளில், கையில் பிடித்து ஆடும் கண்ட்ரோலரின் பட்டன்களையும் இடம் மாற்றலாம்.

போதவில்லையென்றால், கை கால் வசதிப்படாதவர்களுக்கென்றே 2018இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் இருக்கிறது. மேலே இரண்டு பெரிய வட்டப் பட்டன்கள். பின்னால் 19 ஜாக்குகள், கால் மிதியைக்கூடச் செருகலாம். விலைதான் கையைக் கடிக்கும்.

‘ஈஸி மோடில் ஆடேன்’ என்பவர்களை விடுங்கள். குறைய வேண்டியது எதிரியின் பலமா, விரலுக்கான வேலையா? சனிக்கிழமை ராத்திரி தம்பியோடு ஆட நான் ரெடி, கரண்ட் இருந்தால்.