ஹோல் ஃபுட்ஸில் மொத்த மளிகையும் வாங்கினால் கட்டுப்படியாகுமா?

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருக்கிறோம், நடந்துபோகிற தூரத்தில் ஹோல் ஃபுட்ஸ் மட்டும்தான் இருக்கிறது, ஆர்கானிக் என்பதால் குழந்தைக்கும் நல்லதுதானே, எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது நியூ ஜெர்சியில். வாரம் தவறாமல் அந்தக் கடைக்குப் போகிறவன். எல்லாவற்றையும் அங்கே வாங்காதீர்கள், கையைக் கடிக்கும். ஆனால் சில சாமான்களுக்கு மட்டும் நான் வேறு கடைக்குப் போவதே இல்லை.

முதலில் ஒரு விஷயம். அந்தக் கடையில் இருப்பதெல்லாம் ஆர்கானிக் கிடையாது. நிறையப் பேர் அப்படி நினைத்துத்தான் வண்டியை நிரப்புகிறார்கள். 1980இல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் ஆரம்பித்த கடை, 2017இல் அமேசான் 1,370 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. செயற்கை நிறமி, ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப் என்ற சோளப் பாகு, ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் என்று அவர்கள் ஒதுக்கிவைத்திருக்கும் சேர்மானங்களின் பட்டியல் நீளம். இவற்றில் எது கலந்திருந்தாலும் அந்த உணவு அலமாரி ஏறாது. நல்லதுதான். ஆனால் அது கடைக்காரர் வைத்துக்கொண்ட விதி. ஆர்கானிக் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. பொட்டலத்தில் அந்தத் துறையின் வட்ட முத்திரை இருந்தால், உள்ளே இருப்பதில் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் முறையில் விளைந்தது. 'ஆர்கானிக் பொருள்களால் செய்தது' என்று மட்டும் போட்டிருந்தால் 70 சதவீதம் போதும், முத்திரை இருக்காது. 'நேச்சுரல்' என்பது ஆர்கானிக் ஆகாது, அந்தச் சொல்லைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

காய்கறி, பழத்தில் முத்திரையைத் தேட வேண்டாம், ஸ்டிக்கர் எண்ணைப் பாருங்கள். வாழைப்பழத்தில் 4011 என்றிருந்தால் சாதாரணப் பழம், 94011 என்றிருந்தால் ஆர்கானிக். முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமாக வந்தால் ஆர்கானிக் என்று எல்லாப் பழத்துக்கும் இதே கணக்குதான். இரண்டு வாழைப்பழமும் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கும்.

அப்புறம், ஆர்கானிக் என்றால் மருந்தே படாதது என்று அர்த்தமில்லை. இயற்கையிலிருந்து எடுத்த சில பூச்சிமருந்துகளுக்கு அனுமதி உண்டு. எதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பதற்கு என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு வருடந்தோறும் ஒரு பட்டியல் போடுகிறது. மருந்து மிச்சம் அதிகமுள்ளவற்றில் ஸ்ட்ராபெரியும் பசலைக்கீரையும் அநேகமாக எல்லா வருடமும் வந்துவிடும். வெங்காயம், அவகாடோ, அன்னாசி எல்லாம் குறைவான பக்கம். மிச்சம் எவ்வளவு இருந்தால் கெடுதல் என்பதை அந்தப் பட்டியல் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்று சொல்லும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தோலுரிக்காமல் அப்படியே தின்கிற ஸ்ட்ராபெரியை ஆர்கானிக்காக வாங்குகிறேன், வெங்காயத்துக்கு அந்தக் காசைக் கொடுப்பதில்லை.

நான் அங்கே போவதே முக்கியமாகப் பாலுக்காக. குழந்தை இருக்கிற வீடு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆர்கானிக் பால் அட்டைப்பெட்டிகளில் பலவற்றில் 'அல்ட்ரா பாஸ்ச்சுரைஸ்டு' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். 138 டிகிரி செல்சியஸ் வரை இரண்டு வினாடி சூடேற்றிய பால் அது. பிரிக்காமல் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. காபிக்குச் சரி, தயிரும் உறைந்துவிடும். பன்னீருக்கு மட்டும் உதவாது. எலுமிச்சை பிழிந்தால் கட்டியாகத் திரளாமல் பொடிப்பொடியாகக் குழைந்து நிற்கும், துணியில் கட்டினால் பாதி ஒழுகிப்போகும். அதனால் வெறும் 'பாஸ்ச்சுரைஸ்டு' என்று போட்டதாகப் பார்த்து எடுங்கள். சில கிளைகளில் பக்கத்துப் பண்ணைகளின் 'கிரீம் டாப்' பால் கண்ணாடி பாட்டிலில் வரும். மூடியைத் திறந்தால் பாட்டில் கழுத்தில் ஆடை கெட்டியாக அடைத்துக்கொண்டிருக்கும். கரண்டிக் காம்பால் குத்தி உடைத்தால்தான் பால் இறங்கும். ஊரில் மாட்டுப்பால் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்த ருசி பிடிபட்டுவிடும். பாட்டிலுக்குத் தனியாக முன்பணம் பிடிப்பார்கள், காலி பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.

நெய்யும் அங்கே விற்கிறார்கள், அழகான சின்ன ஜாடியில். விலையைப் பார்த்துவிட்டு ஜாடியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். 365 என்பது கடையின் சொந்த பிராண்டு. அதில் உப்பில்லாத ஆர்கானிக் வெண்ணெய் வாங்கி, வீட்டில் உருக்கிக்கொள்ளலாம். முருங்கைக்கீரை பொடியாகி, சத்து மாத்திரை அலமாரியில் உட்கார்ந்திருக்கும். மஞ்சள் பால் தூள் டப்பாவில் இருக்கும். வேடிக்கை பார்க்கலாம். 2015இல் கலிஃபோர்னியாவில் ஒரு கிளையில் மூன்று அஸ்பாரகஸ் தண்டைத் தண்ணீரில் போட்டு 5.99 டாலருக்கு வைத்து, ஊரே சிரித்ததும் எடுத்துவிட்டார்கள்.

துவரம்பருப்பு, இட்லி அரிசி, புளி, கறிவேப்பிலை இதற்கெல்லாம் இந்தியக் கடைதான். எங்களுக்கு எடிசன் ஊரில் இருக்கும் ஓக் ட்ரீ ரோடு கடைகள், உங்களுக்கு எது பக்கமோ அது. மாதம் ஒருமுறை யாரோடாவது காரில் போய் வந்தால் போதும். பருப்பும் ஆர்கானிக்காக வேண்டுமென்றால் அங்கேயே 24 மந்த்ரா என்ற ஆர்கானிக் பிராண்டு கிடைக்கிறது.

மீன் சாப்பிடுவீர்களானால், 'ஆர்கானிக் மீன்' இருக்கிறதா என்று கேட்காதீர்கள். வேளாண் துறை மீனுக்கு ஆர்கானிக் விதியே வகுக்கவில்லை. கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்று மட்டும் பாருங்கள். பிரான்சினோ என்ற மீன் முழுசாகக் கிடைக்கும். செதில் சீவிக் குடல் எடுத்துத் தரச் சொன்னால் கூடுதல் காசு கேட்காமல் செய்து தருவார்கள். தலையைத் தூக்கிப்போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குழம்புக்கு ஆகும்.

சமைத்த உணவு வரிசையில் அநேகமாக எதை எடுத்தாலும் ஒரு பவுண்டு எடைக்கு ஒரே விலை. கொண்டைக்கடலையும் உருளைக்கிழங்கும் எடை இழுக்கும், எனவே அவற்றை வீட்டில் வேகவைத்துக்கொண்டு அங்கே சுட்ட காளான், சிக்கன் மாதிரியானவற்றை எடுப்பது லாபம். மளிகைக்கு விற்பனை வரி இல்லாத எங்கள் மாநிலத்திலும் இதற்கு 6.625 சதவீதம் வரி உண்டு என்பதை மனதில் வையுங்கள்.

அமேசானின் பிரைம் சந்தா இருந்தால் பில் போடும்போது அமேசான் செயலியில் வரும் குறியீட்டைக் காட்ட மறக்காதீர்கள். மஞ்சள் விலை அட்டை போட்டுத் தள்ளுபடியில் இருக்கும் சாமான்களுக்கு இன்னொரு 10 சதவீதம் குறையும். நீல அட்டை விலை பிரைம்காரர்களுக்கு மட்டும்தான், குறியீட்டைக் காட்டாவிட்டால் முழு விலையில் பில் விழும்.