வாட்ஸ்அப்பில் ரத்து செய்த பவர்: இடையில் போட்ட விற்பனை ஒப்பந்தம் யாரைக் கட்டும்?

வளைகுடாவில் பணிபுரியும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. திண்டிவனம் அருகே தனக்குள்ள வீட்டுமனையைக் கவனித்துக்கொள்ளவும் விற்கவும் 2022இல் தன் அக்கா கணவருக்குப் பொது அதிகார ஆவணம் (பவர்) எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். பிறகு மனக்கசப்பு வந்தது. கடந்த ஜூன் 3ஆம் தேதி, "இனி அந்த மனை விஷயத்தில் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், பவரை ரத்து செய்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். "சரி, பார்க்கலாம்" என்று பதிலும் வந்தது. ஆனால் ஜூன் 19ஆம் தேதி அந்த அக்கா கணவர், அதாவது பவர் பெற்ற முகவர், வேறொருவரிடம் 4 லட்சம் ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு விற்பனை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஒப்பந்தம் தன்னைக் கட்டுமா, பத்திரத்தில் "ரத்து செய்ய இயலாத பவர்" என்று எழுதியிருப்பதால் ரத்தே செல்லாதா என்று வாசகர் கேட்கிறார்.

உங்கள் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "மேற்படி சொத்தைப் பொறுத்து நீர் செய்யும் சகல காரியங்களையும் நானே நேரில் இருந்து செய்ததாகப் பாவித்து ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி நிச்சயம் இருக்கும். பத்திர எழுத்தர்கள் பழக்கத்தால் எழுதும் வரி என்று பலரும் அதைக் கடந்துபோகிறார்கள். உண்மையில் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 182ஆம் பிரிவு முதல் 238ஆம் பிரிவு வரை முகமை, அதாவது ஒருவருக்காக இன்னொருவர் செயல்படுவது, பற்றிச் சொல்வதன் சாரமே அந்த வரிதான். முகவர் தன் அதிகாரத்துக்குள் நின்று போடும் கையெழுத்து உங்கள் கையெழுத்து. ஆகவே ஜூன் 19ஆம் தேதி அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா, இல்லை என்றால் அது இல்லாமல் போனதை வாங்க வந்தவர் அறிந்திருந்தாரா என்ற இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலாவது உங்களுக்குச் சாதகமானது. அதிகாரத்தை வெளிப்படையான சொல்லாலும் நீக்கலாம், நடத்தையாலும் நீக்கலாம் என்கிறது பிரிவு 207. அந்த நீக்கம் முகவருக்குத் தெரியவந்த நொடியிலிருந்து அவரைப் பொறுத்தவரை நடைமுறைக்கு வருகிறது என்கிறது பிரிவு 208. "சரி, பார்க்கலாம்" என்ற பதில் அவர் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று. அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், தொலைபேசியையும் மாற்றிவிடாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட, 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். ஆனால் பதிவு செய்த ஆவணத்தைப் பதிவு செய்த ரத்து ஆவணத்தால்தான் நீக்க முடியும் என்று எதிர்த்தரப்பு வாதாடும் என்பதையும் இப்போதே மனத்தில் கொள்ளுங்கள்.

இரண்டாவதில்தான் சிக்கல். அதே 208ஆம் பிரிவு, மூன்றாம் நபரைப் பொறுத்தவரை ரத்து என்பது அவருக்குத் தெரியவந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்கிறது. அதற்குச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. சென்னையில் இருக்கும் ஒருவர், பம்பாய்க் கிடங்கில் உள்ள தன் பஞ்சை விற்றுத்தரும்படி முகவருக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு மனம் மாறி, விற்க வேண்டாம், பஞ்சைச் சென்னைக்கு அனுப்பிவிடுங்கள் என்று இரண்டாம் கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகும் முகவர் பஞ்சை விற்கிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் கொடுத்த பணத்தோடு முகவர் தலைமறைவாகிவிடுகிறார். நட்டம் யாருக்கு? சென்னைக்காரருக்குத்தான், வாங்கியவர் கொடுத்த பணம் அவருக்கே கொடுத்ததாகக் கருதப்படும் என்கிறது சட்டம். கடிதத்தின் இடத்தில் வாட்ஸ்அப்பையும் பஞ்சின் இடத்தில் மனையையும் வைத்துப் பார்த்தால், அது உங்கள் கதைதான்.

ஆகவே உங்கள் செய்தி அந்த வாங்குபவருக்கு ஜூன் 19க்கு முன் தெரியாது என்றால், ஒப்பந்தம் உங்களைக் கட்டக்கூடிய வாய்ப்பே அதிகம். முன்பணத்துக்கும் நீங்கள் பொறுப்பாக நேரிடும். அசல் பவர் பத்திரத்தை முகவர் கையிலேயே விட்டுவைத்தது, அவருக்கு அதிகாரம் இருப்பதாகப் பிறர் நம்புவதற்கு நீங்களே இடம் கொடுத்த செயல் என்று 237ஆம் பிரிவைக் காட்டியும் வாதாடுவார்கள். ரத்து வாங்குபவருக்கு முன்பே தெரியும் என்று உங்களால் காட்ட முடிந்தால் நிலைமை தலைகீழாகும். இங்கே நான் அழுத்திக் கேட்க விரும்புவது, முன்பணம் கொடுத்தவர் யார் என்பது. முகவரின் நெருங்கிய உறவினரா, தொழில் பங்காளியா, அல்லது வெறும் பெயர் மட்டும் இரவல் கொடுத்தவரா? ஒருவர் தன் நிலத்தை விற்கச் சொன்னபோது, முகவர் இன்னொருவர் பெயரில் தானே அதை வாங்கிக்கொண்ட உதாரணம் 215ஆம் பிரிவின் கீழ் இருக்கிறது. முக்கியமான விவரத்தை நேர்மையின்றி மறைத்தார் என்றோ, அந்த விற்பனை உரிமையாளருக்குப் பாதகமாக முடிந்தது என்றோ காட்டினால் போதும், உரிமையாளர் அதை ஏற்க மறுக்கலாம். அந்தக் கோணம் இருந்தால் உங்கள் கை ஓங்கும்.

"ரத்து செய்ய இயலாத" என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். பத்திரத்தில் அந்தச் சொல் இருப்பதால் மட்டும் பவர் அப்படி ஆகிவிடாது. 202ஆம் பிரிவு கேட்பது, அந்தச் சொத்தில் முகவருக்கே சொந்தமான ஓர் உரிமை அல்லது நலன் இருக்கிறதா என்பதுதான். நீங்கள் அவருக்குக் கடன்பட்டிருந்து, மனையை விற்று அந்தக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரம் கொடுத்திருந்தால், அதை நீங்கள் நினைத்தபடி நீக்க முடியாது. உங்கள் மரணம்கூட அதை முடிக்காது. உறவு என்பதற்காகக் கைமாறில்லாமல் கொடுத்த பவர் அப்படிப்பட்டதல்ல. இருந்தாலும் பத்திரத்தில் "பிரதிபலன் பெற்றுக்கொண்டு" என்பது போன்ற வாசகம் எங்காவது நுழைந்திருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். அதே வாசிப்பில் விற்பனை உடன்படிக்கை எழுதவும், முன்பணம் பெறவும், கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கவும் தனித்தனியே அதிகாரம் தரப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதிகார ஆவணங்களை நீதிமன்றங்கள் கண்டிப்பாக, எழுதியிருக்கும் எல்லைக்குள்ளேயே பொருள்கொள்கின்றன.

ஒரு தவறை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். கோபத்தில், "வாங்கிய 4 லட்சத்தை என் கணக்கில் போடுங்கள்" என்று முகவருக்கு எழுதிவிடாதீர்கள். அதிகாரமின்றிச் செய்ததைப் பின்னர் ஏற்றுக்கொள்வது 196ஆம் பிரிவின்படி, முதலிலேயே அதிகாரம் கொடுத்ததற்குச் சமம். ஒரு பகுதியை ஏற்றால் முழுப் பரிவர்த்தனையையும் ஏற்றதாகும் என்கிறது 199. பணத்தை வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தை மறுக்க முடியாது.

இனிச் செய்ய வேண்டியதில் முதல் வேலை, வாங்குபவருக்கும் முகவருக்கும் பெற்றதற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புவது. ரத்து ஆவணம் தயாராகட்டும் என்று இதற்குக் காத்திருக்க வேண்டாம். விற்பனை ஒப்பந்தம் மட்டும் மனையில் யாருக்கும் உரிமையை உண்டாக்காது என்பதைச் சொத்து மாற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எனவே கிரயப் பத்திரம் பதிவாவதற்குள் உங்கள் அறிவிப்பு இருவர் கையிலும் சேர்ந்தாக வேண்டும். அடுத்து, பவர் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து ஆவணத்தைப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு வில்லங்கச் சான்று எடுக்கும் எவர் கண்ணிலும் அது படும். நேரில் வர முடியாவிட்டால், இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் நம்பகமான ஒருவருக்குச் சிறப்பு அதிகாரம் எழுதி இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். அசல் பவர் பத்திரத்தைத் திருப்பிக் கேட்பதையும் அறிவிப்பிலேயே எழுதுங்கள். நாளிதழ் விளம்பரம் கொடுக்கலாம். ஆனால் குறிப்பிட்ட ஒருவர் அதைப் படித்தார் என்று மெய்ப்பிப்பது கடினம் என்பதால், அதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது.

முகவரிடமிருந்து கணக்குக் கேட்கும் உரிமை 213ஆம் பிரிவின்படி உங்களுக்கு எப்போதும் உண்டு. வேலி, வரி என்று அவர் நியாயமாகச் செலவழித்ததை நீங்கள் கொடுக்கவும் வேண்டும். அவருடைய முறைகேட்டுக்காக வழக்குத் தொடர, அது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் காலவரம்பு. அந்த நாள் எது என்பதே பின்னால் வழக்காகலாம் என்பதால், இந்த ஒப்பந்தத்தைப் பற்றி யார் மூலம், எந்தத் தேதியில் கேள்விப்பட்டீர்கள் என்பதை இன்றே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.