லாரி கடந்ததும் ஹாரன் சுதி ஏன் இறங்குகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் ஹிக்கின்சன் ஹைவே ஓரம் நிற்கையில், ஹாரனை அழுத்திக்கொண்டே வரும் லாரி நம்மைத் தாண்டியதும் சுதி இறங்குகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹாரன் மாறவில்லை, ஓட்டுநருக்கு ஒரே சுதிதான். தான் விட்ட ஒலியலைகளின் பின்னாலேயே லாரி ஓடுவதால் முன்பக்கம் அலைகள் நெருங்குகின்றன, பின்பக்கம் விலகுகின்றன. அலைகள் நெருக்கமாக வந்தால் காதுக்குச் சுதி அதிகம், விலகி வந்தால் குறைவு.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் லாரி 25 மீட்டர். 400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 400 அதிர்வுகள்) ஹாரன், நம் காதுக்கு வரும்போது 431, போகும்போது 373. கோயிலில் தேவாரம் பாடிப் பழகிய காதுக்கு, ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்குவதைவிடச் சற்றே அதிகம்!

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும்: லாரி நெருங்க நெருங்கச் சுதி ஏறுவதில்லை; ஏறுவது சத்தம் மட்டுமே. சாலையை ஒட்டி நின்றால் சுதி சட்டென்று விழும், தள்ளி நின்றால் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆஸ்திரிய இயற்பியலாளர் டாப்ளர் 1842-ல் சொன்ன இந்தச் சுதி மாற்றத்தை, 1845-ல் நெதர்லாந்தில் டச்சு விஞ்ஞானி பைஸ் பாலட் ரயிலில் எக்காளம் ஊதவைத்துச் சோதித்தார்.