அறுபது இடத்துக்கு அனுப்பிய சிவி ஏன் ஒரு அழைப்பையும் கொண்டுவரவில்லை?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: கொழும்பில் உணவுப்பொருள் இறக்குமதிக் கொம்பனி ஒன்றில் ஆறு வருடம் கணக்குப் பிரிவில் வேலை, பி.கொம். பட்டம், ஸ்காபரோவுக்கு வந்து நாலு மாதம், அறுபது இடத்துக்கு சிவி அனுப்பியும் ஒருவரும் கூப்பிடவில்லை. 'கனடிய அனுபவம்' இல்லாததுதான் காரணமா? ஓரளவுக்கு இருக்கலாம். ஆனால் உங்கள் சிவி நாலு பக்கம், படம், அடியில் உறுதிமொழியும் கையொப்பமும் என்று நீங்கள் சொன்னதைப் பார்த்தால், அனுபவத்தை எடைபோடும் ஆளின் கைக்கே அது போய்ச் சேர்ந்திராது.

இங்கே சாதாரண வேலைக்குக் கேட்பது ரெஸ்யூமே என்ற சுருக்கமான விபரம். சிவி என்பது பல்கலைக்கழகம், ஆராய்ச்சி போன்ற இடங்களுக்கான நீண்ட பட்டியல். உங்களுக்கு இரண்டு பக்கம் தாராளம். வேர்டில் கடதாசி அளவை ஏ4-இலிருந்து லெட்டருக்கு, அதாவது 8.5க்கு 11 அங்குலத்துக்கு மாற்றுங்கள். மொழியையும் கனடிய ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பிறகு வெட்டுங்கள். படம், பிறந்த திகதி, சமயம், மணமானவரா இல்லையா, அடையாள அட்டை இலக்கம், ஓ/எல் பெறுபேறு, மாணவ தலைவியாக இருந்தது, உறவினர் அல்லாத இருவரின் விலாசம், 'மேற்கூறிய யாவும் உண்மை' எல்லாம் போகட்டும். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டப்படி வயதையும் சமயத்தையும் குடும்ப நிலையையும் வைத்து ஆள் எடுக்கவோ தள்ளவோ கூடாது. அந்த விபரங்களை நீங்களே நீட்டினால் ஆள் எடுப்பவருக்குத்தான் சங்கடம். சின் (சமூகக் காப்புறுதி) இலக்கத்தை மறந்தும் போடாதீர்கள். அது வேலை கிடைத்த பிறகு, சம்பளப் பதிவுக்குக் கொடுப்பது.

தலைப்பில் பெயர், கைபேசி, மின்னஞ்சல், நகரம், மாகாணம் போதும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக விழுந்திருந்தால், உங்களைக் கூப்பிடும் பெயரை முன்னாலும் அதைப் பின்னாலும் எழுதுங்கள். முழுப்பெயரும் பின்னணிச் சோதனைப் படிவத்தில் வரத்தான் போகிறது. வொய்ஸ்மெயில் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே இன்னொரு போனிலிருந்து அடித்துப் பாருங்கள். தெரியாத இலக்கம் என்று நீங்கள் எடுக்காமல் விட்ட அழைப்பில் ஒன்று நேர்முகத்துக்கானதாக இருந்திருக்கலாம்.

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது வேலைப் பகுதியில். நீங்கள் காட்டிய வரி: 'கணக்குகளுக்குப் பொறுப்பு, வங்கி இணக்கக் கூற்று தயாரித்தல், முகாமையாளர் தரும் ஏனைய கடமைகள்.' இது நியமனக் கடிதத்தில் இருக்கிற பாஷை. ஆறு வருடம் வேலை செய்தவரும் ஆறு மாதம் செய்தவரும் இதே வரியை எழுதலாம். இப்படி மாற்றிப் பாருங்கள்: 'மாதம் சுமார் 400 சப்ளையர் இன்வொய்ஸ்களைக் கொள்வனவுக் கட்டளையோடும் பொருள் பெற்ற சீட்டோடும் ஒப்பிட்டுப் பதிந்தேன், மூன்று வங்கிக் கணக்குகளின் இணக்கக் கூற்றை மாதம் முடிந்து ஐந்து வேலைநாளுக்குள் முடித்தேன்.' அந்த மூன்று கடதாசி ஒப்பீட்டை இங்கே 'த்ரீ வே மாட்ச்' என்பார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லையே போடுங்கள்.

400 என்பது என் உதாரணம். உங்கள் எண்ணை நீங்களே கணக்குப் பாருங்கள்: நாளுக்கு 18, மாதம் 22 வேலைநாள் என்றால் 396. நேர்முகத்தில் 'அது எப்படி வந்தது?' என்று கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லத் தெரியவேண்டும், அவ்வளவுதான். ரூபாயில் தொகை எழுதாதீர்கள்; இங்குள்ளவருக்கு மட்டுக்கட்டத் தெரியாது, டொலருக்கு மாற்றினால் சின்னதாகிவிடும். எண்ணிக்கை, தவணை, எத்தனை பேர் குழு என்பவை எந்த நாட்டிலும் விளங்கும். கொம்பனிப் பெயருக்குக் கீழே 'உணவுப்பொருள் இறக்குமதி, இத்தனை ஊழியர்' என்று ஒரு வரி சேர்த்தால், கேள்விப்படாத பெயருக்கும் ஒரு உருவம் வரும்.

இலங்கையில் வற் (பெறுமதி சேர் வரி) படிவம் தயாரித்திருந்தால் அதையும் எழுதுங்கள். இங்குள்ள விற்பனை வரியான எச்எஸ்டி-யிலும் கொள்முதலில் கட்டிய வரியைக் கழிக்கிற அதே முறைதான். அதற்காக எச்எஸ்டி செய்த அனுபவம் என்று எழுதிவிடாதீர்கள். பட்டத்துக்கு, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் டபிள்யூஇஎஸ் நிறுவனத்தின் மதிப்பீடு எடுத்திருந்தால், அவர்கள் தந்த கனடியச் சமநிலையை அறிக்கையில் உள்ளபடியே பட்டத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பதிவுபெற்ற தொழில்முறைக் கணக்காளரைக் குறிக்கும் சிபிஏ என்ற மூன்று எழுத்தை, பதிவு பெறாமல், 'படிக்க உத்தேசம்' என்ற அளவில்கூடப் பெயருக்குப் பின்னால் ஒட்டவேண்டாம். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பட்டம்.

அடுத்த சிக்கல் வடிவம். பல கொம்பனிகளில் ரெஸ்யூமே முதலில் ஒரு மென்பொருளுக்குள் போகிறது. அழகான இரண்டு நிரல் டெம்பிளேட், பெட்டிக்குள் எழுத்து, ஹெடருக்குள் தொலைபேசி இலக்கம் இவற்றை அது தவறாக வாசிக்கலாம், விட்டுவிடவும் செய்யலாம். சோதிக்க ஒரு சுலபமான வழி: முழுவதையும் கொப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். பெயரிலிருந்து கடைசி வரி வரை ஒழுங்காக வந்தால் சரி. கல்விக்கு நடுவில் வேலைத் திகதி புகுந்திருந்தால் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும்.

எந்தச் சொற்களைப் போடுவது? அரசாங்கத்தின் வேலை விளம்பரத் தளமான ஜொப் பேங்கில் 14200 என்ற தொழில் எண்ணைத் தேடுங்கள். கணக்கு எழுதுவினைஞர் வேலைகள் அதற்குள் வரும். ஐந்தாறு விளம்பரங்களை எடுத்து, திரும்பத் திரும்ப வருகிற சொற்களைக் கோடிடுங்கள். அவற்றில் நீங்கள் உண்மையில் செய்தவற்றை அதே சொல்லால் எழுதுங்கள். அறுபது இடத்துக்கும் ஒரே கோப்பை அனுப்புவதைவிட, பத்து இடத்துக்கு ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் செலவழித்து மேல் பாதியைத் திருத்துவது பலன் தரும். கிடங்கு வேலைக்கும் போடுவதென்றால் அதற்கு வேறாக ஒரு பக்க ரெஸ்யூமே வையுங்கள். பட்டத்தைப் பார்த்ததும் 'இவர் நிற்கமாட்டார்' என்றுதான் நினைப்பார்கள்.

கனடிய அனுபவத்துக்கு வருவோம். ஒன்ராறியோவில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்கள், 2026 ஜனவரி 1 முதல், பொது விளம்பரத்தில் அதை நிபந்தனையாகக் கேட்கக்கூடாது. மனதுக்குள் எதிர்பார்ப்பதைச் சட்டம் தடுக்காதுதான். அதனால் நேர்மையாகச் சேர்க்கக்கூடிய ஒன்றைச் சேருங்கள். குறைந்த வருமானக்காரருக்கு இலவசமாக வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் திட்டம் ஒன்றை வருமான வரித் திணைக்களம் சமூக அமைப்புகளோடு சேர்ந்து நடத்துகிறது. மார்ச், ஏப்ரலில்தான் அங்கே நெரிசல், தொண்டர் தேவை. கணக்குப் படித்தவருக்கு ரெஸ்யூமேயில் போட இதைவிடப் பொருத்தமான உள்ளூர் அனுபவம் கிடைக்காது. தெரிந்தவரின் கடையில் வேலை செய்ததாக ரெஸ்யூமேயில் பொய் எழுதுவது மட்டும் வேண்டாம். குடிவரவு விண்ணப்பத்தில் கொடுத்த திகதிகளோடு முட்டினால் வேலையோடு நிற்காது.

ரெஸ்யூமே எழுதித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். நிரந்தர வதிவிடம் இருந்தால் புதிதாக வந்தவர்களுக்கு உதவும் குடியமர்வு நிலையங்களில் இலவசமாகவே திருத்தித் தருவார்கள்.

உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லக்கூடியவர்களின் (ரெஃபரன்ஸ்) பெயர்களை வேறு தாளில் வைத்திருங்கள், கேட்டால் மட்டும் கொடுங்கள். உங்கள் பழைய முகாமையாளருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இங்கே காலை பத்து மணி என்றால் கொழும்பில் கோடையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. அந்த நேரத்தில் தெரியாத வெளிநாட்டு இலக்கம் வந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.