என்னை நானே வைதுகொள்வதை நிறுத்தி, வீட்டிலும் கனிவாக இருப்பது எப்படி?

வேலையில் சின்னத் தவறு நடந்தாலும் நாள் முழுக்க உங்களையே வைதுகொள்வதாகவும், வீட்டுக்கு வந்ததும் அந்த எரிச்சல் மகள் மேல் பாய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்போது அவளும் "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்கிறீர்கள்.

அந்த வாக்கியத்தைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வளர்ந்த வில்லாபுரம் வீட்டில் அடிக்கடி கேட்ட வாக்கியம் அது. பால் பொங்கி வழிந்தால், ரேஷன் கார்டை எங்கோ வைத்துவிட்டுத் தேடினால், அம்மா தன்னை அப்படித்தான் வைதுகொள்வார். "கூறு இருக்கா எனக்கு", "நானெல்லாம் எதுக்குப் பொறந்தேனோ" என்று தொடரும். மதுரைப் பக்கம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பேச்சோடு பேச்சாகப் போய்விடும். கேட்டு வளர்கிற பிள்ளைக்கு மட்டும் அது போவதில்லை. தப்புச் செய்தால் தன்னோடு இப்படித்தான் பேச வேண்டும் என்று மனசில் படிந்துவிடும்.

நீங்கள் சொன்ன இரண்டு குறையும் என் கணக்கில் ஒன்றுதான். நான் மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒரு பில்லில் எண் மாறிவிட்டால் திருத்த ஐந்து நிமிடம் போதும். பெரியார் பஸ் நிலையத்தில் ஏறி வீடு வந்து சேரும்வரை மனசுக்குள் நடக்கிற விசாரணைதான் ஆளைத் தின்கிறது. அந்தச் சூட்டோடு படியேறும்போது வாசலில் செருப்பு குறுக்கே கிடந்தால், வழியெல்லாம் நமக்கு நாமே சொல்லிக்கொண்டு வந்த வார்த்தைதான் பிள்ளை மேல் விழும். அதனால் மகளிடம் பொறுமை பழகுவதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தப் பஸ் பயணத்தில் உங்களோடு நீங்கள் பேசுகிற பேச்சு மாறட்டும்.

அதே தவறை உங்கள் தங்கச்சி செய்துவிட்டுப் போனில் அழுதால் என்ன சொல்வீர்கள்? "சரி விடுத்தா, ஓனர்ட்ட சொல்லிட்டியா? மொதல்ல சாப்பிடு" என்பீர்கள். அதையே, அதே குரலில் உங்களுக்குச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் நடிப்பது போலக் கூச்சமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பேச்சில் தவறை மூடி மறைக்கிற வேலை எதுவும் இல்லை. ஓனரிடம் சொன்னாயா என்ற கேள்வி உள்ளேயே இருக்கிறது.

இப்படித் தட்டிக்கொடுத்தால் பொறுப்பு போய்விடும், வைதால்தான் திருந்துவோம் என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியானா பிரெய்ன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பயத்தைத்தான் சோதித்தது. மாணவர்களுக்குக் கடினமான சொல்வளத் தேர்வு ஒன்றை வைத்தார்கள். சிலரிடம் மட்டும், இது பலருக்கும் கஷ்டமான தேர்வுதான், உங்களை நொந்துகொள்ளாதீர்கள் என்ற கருத்தில் பேசினார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தவர்கள் அவர்கள்தான்.

டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல், தன்னோடு பரிவாக இருப்பதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: தன் மேல் கனிவு, இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும் வந்ததில்லை என்ற உணர்வு, நடப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் பார்க்கிற கவனம். நடுவில் இருப்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிற கூட்டத்தைப் பாருங்கள். கடன், மகள் கல்யாணம், மருமகளோடு மனஸ்தாபம் என்று ஆளுக்கொரு பாரம். அவர்களில் தன்னை நொந்துகொள்ளாதவர் ஒருவராவது இருப்பாரா?

மூன்றாவது, கவனம். தியானம் என்றதும் தனி அறை, விளக்கு, சம்மணம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். 1979-இல் ஜான் கபட்-சின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் பல வாரப் பயிற்சியாக இதைத் தொடங்கியபோது, வந்தவர்களில் பலர் எந்த மருந்துக்கும் அடங்காத வலியோடு இருந்த நோயாளிகள். படுத்துக்கொண்டே கால் விரலில் இருந்து தலைவரை கவனத்தை மெதுவாக நகர்த்துவது அதில் முக்கியமான பகுதி. உங்களுக்குப் பஸ்ஸே போதும். சிம்மக்கல்லில் நெரிசலில் நிற்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா, தோள் காது வரைக்கும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தளர்த்துங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுங்கள். "மறுபடியும் அந்தப் பில்லை நினைக்கிறேன்" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். எண்ணம் திரும்ப வரும், திரும்பக் கவனிப்போம், பயிற்சியே அவ்வளவுதான். கண்ணை மூடினால் சிலருக்குப் படபடப்பு கூடும். அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு நடக்கலாம். ஞாயிறு காலையில் கீழக்குயில்குடி சமணர் மலைப் பக்கம் போய், அடிவாரத் தாமரைக் குளத்தருகே போனை வெளியே எடுக்காமல் நடந்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் சண்டை பெரும்பாலும் முதல் வாக்கியத்திலேயே முடிவாகிவிடுகிறது. தம்பதிகளின் பேச்சைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜான் காட்மேன் இதையே சொல்கிறார். "நீ எப்பப் பார்த்தாலும்" என்று தொடங்கினால் எதிரே இருப்பவருக்குத் தற்காப்பைத் தவிர வேறு வழி இல்லை. "எனக்கு இன்னைக்குத் தலை கொதிக்குது, கொஞ்ச நேரம் விடு கண்ணு" என்று உங்கள் நிலைமையில் இருந்து தொடங்குங்கள். மாமியார் இருக்கிற வீடு என்றால் "அத்தை, முகம் கழுவிட்டு வந்து பேசவா?" என்று கேட்கலாம், மரியாதைக் குறைவாகாது.

படபடப்பு ஏறிவிட்டால் அது அடங்க இருபது நிமிடமாவது வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் எங்கே போவது? மொட்டை மாடி இருக்கிறது, காய்ந்த துணியை எடுக்கப் போகலாம். போகும்போது "இருபது நிமிஷத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பது நம் குடும்பங்களில் சகஜம். பிள்ளைகளுக்கு அது திட்டைவிட வலிக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் ஆறிப்போனதை நின்றுகொண்டே விழுங்குகிற பெண்ணிடம் கனிவைப் பற்றிப் பேசி என்ன பயன்? மகளோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுங்கள். தூக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். கடன் வாங்கித்தான் சீர் செய்ய முடியும் என்றால், "இந்தத் தடவை இவ்வளவுதாண்ணே முடியும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். உறவு அதனால் அறுந்துபோகாது.

தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தாலோ, வாழ்வதே வீண் என்ற எண்ணம் வந்தாலோ இந்தப் பயிற்சிகளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416-ல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டில் அடி உதை இருந்தால், உங்கள் மனசைப் பக்குவப்படுத்தி அதைத் தீர்க்க முடியாது. 181-க்கு அழையுங்கள்.

இனி மகள். "அப்படிச் சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது" என்று அவளை அதட்டினால் அதுவும் வசவுதான். நீங்கள் எரிந்து விழுந்த நாளில் "அம்மா கத்தினது தப்பு கண்ணு, உன் மேல கோபம் இல்ல" என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. பால் பொங்கினால் அவள் காதுபட "சரி, துடைச்சுட்டு வேற காய்ச்சுவோம்" என்று சொல்லுங்கள். கணக்கில் மார்க் குறைந்து வந்து அவள் தன்னை வைதுகொண்டால், பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாளைப் பிரியுங்கள். எந்தக் கணக்கில், எந்த வரியில் தப்பு நுழைந்தது என்று இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள்.