மூன்றாவது அச்சைச் சேர்த்தால் போதுமா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நெகிழும் தண்டுகளால் ஆன இயந்திரக் கைகளின் இயக்கத்தைக் கணக்கிடும் நிரல் ஒன்றை முதுகலைத் திட்டப்பணிக்காக இருபரிமாணத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு முனை பொருத்தப்பட்ட தண்டின் அதிர்வெண்கள் பாடநூல் விடைகளோடு பொருந்துகின்றன. முப்பரிமாணத்துக்கு மாற்ற, தண்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஒவ்வொரு கணுவுக்கும் (இணைப்புப் புள்ளிக்கும்) இன்னும் ஓர் ஆயத்தொலைவும் இரண்டு கோணங்களும் சேர்த்தால் போதுமல்லவா?

ச.

அன்புள்ள ச.,

போதாது. உங்கள் இருபரிமாண நிரலே இன்னும் முடிந்துவிட்டதாக நான் கருதவில்லை. அசையாத தளத்தில் பொருத்திய தண்டின் அதிர்வெண்கள் பொருந்துவது, தண்டின் நிறையையும், வளைவை எதிர்க்கும் விறைப்பையும் குறிக்கும் எண் அட்டவணைகளான நிறை அணியும் விறைப்பு அணியும் சரி என்பதற்கு மட்டுமே சான்று. அதே தண்டைச் சுழலும் குடமொன்றில் (சக்கரத்தின் நடுப்பகுதி போன்ற மையத்தில்) பொருத்தி, ஓய்விலிருந்து சிறிது சிறிதாக வேகமேற்றிப் பாருங்கள். உண்மையில் தண்டு முதலில் பின்தங்கி வளையும். வேகம் கூடக்கூட மையவிலக்கு விசை அதை இழுத்து நிமிர்த்தும். இடப்பெயர்ச்சிகளைத் தொடக்கத்திலேயே நேரியலாக்கிவிட்ட (அவற்றின் வர்க்கம் போன்ற சிறிய உறுப்புகளை விட்டுவிட்ட) நிரலிலோ, சுழல்வேகம் தண்டின் முதல் வளைவு அதிர்வெண்ணைத் தாண்டியதும் வளைவு கட்டின்றிப் பெருகும். காரணம் இதுதான்: பக்கவாட்டில் வளையும் தண்டின் நுனி மையத்தை நோக்கிச் சற்றே உள்வாங்குகிறது, அந்தச் சுருக்கம் வளைவின் வர்க்கத்தைப் பொறுத்த மிகச் சிறிய அளவு என்பதால் அதை விட்டுவிடத் தோன்றும், ஆனால் மையவிலக்கு விசை அதை எதிர்ப்பதிலிருந்துதான் கூடுதல் விறைப்பு பிறக்கிறது. 1987-இல் கேன், ரயன், பானர்ஜி ஆகிய மூன்று ஆய்வாளர்களும் இதைச் சுட்டிக்காட்டியபோது, அன்று புழக்கத்தில் இருந்த மென்பொருள்களிலேயே இந்தக் குறை இருந்தது. விடை வெடித்துச் சிதறினால் யாரும் கவனிப்பார்கள். குறைந்த வேகத்தில், நம்பத்தக்கதாகத் தோன்றும் தவறான வளைகோடு வருவதையே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

முப்பரிமாணத்தின் தனிச் சிக்கல் சுழற்சி. சமதளத்தில் கோணங்களைக் கூட்டலாம். முப்பரிமாண வெளியில் அப்படிக் கூட்ட முடியாது. ஒரு தீப்பெட்டியை இரு வேறு அச்சுகளில் 90 பாகை வீதம் திருப்பி, பிறகு வரிசையை மாற்றித் திருப்பினால், அது வேறு நிலையில் வந்து நிற்பதைக் காணலாம். சுழற்சியை அடுத்தடுத்த மூன்று திருப்பங்களாகக் குறிக்கும் ஆய்லர் கோணங்களை வைத்தால் ஏதோ ஒரு நிலையில் சமன்பாடு செயலிழக்கும். சுழற்சியை நான்கு எண்களால் குறிக்கும் குவாட்டர்னியனுக்கு மாறினால் அந்தத் தொல்லை தீரும். ஆனால் கணுக்களுக்கு இடையே சுழற்சி அளவுருக்களைச் சாதாரண எண்களைப் போல இடைக்கணிப்புச் செய்தால் (இடைப்பட்ட மதிப்புகளைக் கணித்து நிரப்பினால்) மற்றொரு பிழை நுழைகிறது: ஏற்கெனவே வளைந்திருக்கும் தண்டை வடிவம் மாறாமல் அப்படியே திருப்பும்போது, மாறக்கூடாத திரிபு (உருமாற்றத்தின் அளவு) மாறுகிறது. கிரிஸ்ஃபீல்டு, யெலனிச் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் இதை விளக்கி, கணுக்களுக்கிடையிலான சார்புச் சுழற்சியை இடைக்கணிக்கும் மாற்று வழியையும் தந்தார்கள். திருப்புவதற்கு முன்னும் பின்னும் திரிபு ஆற்றலை ஒப்பிடும் சோதனையை நிரலின் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கறார் தேவையா என்று தோன்றலாம். 1981 நவம்பரில் விண்வெளி ஓடத்தில் முதன்முதலாகப் பறந்த கனடாஆர்ம் ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள இயந்திரக் கை. பூமியில் தன் எடையைக்கூடத் தூக்க இயலாதது. தரையில் அதைக் காற்றுத்தாங்கிகளின் (உராய்வின்றி நகர விடும் மெல்லிய காற்றுப் படலத் தாங்கிகளின்) மேல் சமதளத்தில்தான் அசைத்துப் பார்க்க முடிந்தது. மூன்றாவது பரிமாணத்துக்குக் கணிப்பொறியையே நம்ப வேண்டியிருந்தது.

சுழலும் தண்டின் நுனி விலகலை நேரத்துக்கு எதிராக வரைந்து அனுப்புங்கள். மற்றவற்றை அதன்பின் பேசலாம்.